மெயினுக்கு முன்னாடி வந்தது யாரு?

சி கிளாஸ்ல முதல் வாரமே நம்ம எல்லாருக்கும் ஒரு வரி சொல்லிக் கொடுத்திருப்பாங்க: "புரோகிராம் மெயின்ல இருந்துதான் ஆரம்பிக்கும்." அதை நோட்ல எழுதினோம், இன்டர்னல்ல எழுதினோம், செமஸ்டர்லயும் எழுதி மார்க் வாங்கிட்டோம். இப்போ பிளேஸ்மென்ட் சீசன்ல டெக்னிக்கல் ரவுண்ட்லயும் அதையேதான் சொல்லிட்டு இருக்கோம்.

ஒரு நிமிஷம் நில்லுங்க. மெயினுக்கு ரெண்டு ஆர்க்யுமென்ட் இருக்கே, ஆர்க்-சி, ஆர்க்-வி. டெர்மினல்ல நீங்க எத்தனை வார்த்தை அடிச்சீங்கன்னு எண்ணி ஆர்க்-சியில போட்டது யாரு? மெயினுக்குள்ள ஒரு லோக்கல் வேரியபிள் வைக்கிறீங்க, அது ஸ்டாக்ல போய் உட்காருது. அப்படின்னா மெயினோட முதல் வரி ஓடுறதுக்கு முன்னாடியே ஸ்டாக் அங்க இருக்கணும். அதை யாரு கொண்டு வந்து வச்சாங்க? கடைசியா, மெயின்ல இருந்து ரிட்டர்ன் பண்றீங்களே, யாருக்கு ரிட்டர்ன் பண்றீங்க?

எனக்கு இது பிடிபட்டது டெக்ஸ்ட் புக்ல இல்ல. கும்மிடிப்பூண்டிதான் என் ஊர். எங்க மாமா சிப்காட்ல ஒரு மெஷின் ஷாப்ல சிஎன்சி செட்டரா இருக்கார். செட்டர் வேற, ஆபரேட்டர் வேற. செட்டர்தான் முதல்ல போய் ஜாப் எப்படிப் பிடிக்கணும்னு பார்த்து, டூல் மாட்டி, ஆஃப்செட் போட்டு, முதல் பீஸ் ஓட்டி குவாலிட்டிகிட்ட ஓகே வாங்குவார். அப்புறம்தான் ஆபரேட்டர் வந்து ஸ்டார்ட் பட்டனை அழுத்துவார். "மெஷினை ஓட்டுறது யாரு மாமா?"ன்னு கேட்டா, "ஆபரேட்டர்தான் ஓட்டுறான். ஆனா அவன் வர்றப்போ மெஷின் ரெடியா இருக்கணும்ல"ன்னு சொன்னார். நம்ம மெயின் இருக்கே, அது ஆபரேட்டர். செட்டர் வேற ஆள்.

லினக்ஸ்ல அந்த செட்டர் கெர்னல். நீங்க டெர்மினல்ல ஒரு கமாண்ட் அடிச்சு என்டர் தட்டுறீங்கன்னு வச்சுக்கோங்க. ஷெல் முதல்ல ஃபோர்க் பண்ணி தன்னை மாதிரியே ஒரு பிரதி எடுக்கும். அந்தப் பிரதி எக்ஸெக்-வி-ஈ என்கிற சிஸ்டம் காலைக் கூப்பிடும். அப்போ அது கையில மூணு விஷயம் இருக்கும்: ஓட்ட வேண்டிய ஃபைலோட பேரு, ஆர்க்யுமென்ட் லிஸ்ட், என்விரான்மென்ட் லிஸ்ட். இங்கதான் ஒரு சிக்கல். எக்ஸெக் நடந்தா பழைய புரோகிராமோட மெமரி மொத்தமும் போயிடும். ஆனா நீங்க அடிச்ச வார்த்தைகள் எல்லாம் அந்தப் பழைய மெமரியிலதான் கிடக்குது. வீட்டை இடிக்கிறதுக்கு முன்னாடி சாமானை வெளிய எடுக்கணும்ல? அதனால கெர்னல் முதல்ல புது மெமரி ஒண்ணு தயார் பண்ணி, அதோட உச்சியில ஸ்டாக்குக்கு இடம் ஒதுக்கி, பழைய மெமரியில இருந்து ஃபைல் பேர், என்விரான்மென்ட், ஆர்க்யுமென்ட்னு ஒவ்வொரு ஸ்ட்ரிங்கா மேல இருந்து கீழ அடுக்கிக்கிட்டே வரும். பழசைத் தூக்கிப் போடுறது அதுக்கப்புறம்தான்.

இதை நான் எங்க ஊர் பேரை வச்சே சோதிச்சுப் பார்த்தேன். ஒரு சின்ன சி புரோகிராம் எழுதி, அதுக்கு ஆர்க்யுமென்ட்டா தமிழ்ல "கும்மிடிப்பூண்டி"ன்னு கொடுத்தேன். நம்ம கண்ணுக்கு அது எட்டு எழுத்து: கு, ம், மி, டி, ப், பூ, ண், டி. யூனிகோட் கணக்குல 16, ஏன்னா ஒவ்வொரு எழுத்தும் ஒரு மெய்யும் கூடவே ஒரு குறியும். யூடிஎஃப்-8ல ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட், ஆக 48. கடைசியில ஒரு ஜீரோ சேர்த்தா ஸ்டாக்ல 49 பைட். "க" மட்டும் பார்த்தா 224, 174, 149ன்னு மூணு நம்பர். பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு, கம்ப்யூட்டர்னாலே அது இங்கிலீஷ்லதான் யோசிக்கும்னு ஒரு நினைப்பு அடியில எங்கயோ இருந்திருக்கு போல. கெர்னலுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் பைட், கடைசியில ஒரு ஜீரோ. "கும்மிடிப்பூண்டி"யை ஒரு பைட் சிதறாம கொண்டு போய் மெயின் கையில கொடுத்துடுச்சு.

எவ்வளவு வேணா கொடுக்கலாமான்னா, முடியாது. ஒரு ஸ்ட்ரிங் 128 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது. எல்லாம் சேர்ந்து ஸ்டாக் லிமிட்ல கால்வாசிதான். வழக்கமான லிமிட் 8 மெகாபைட், அதனால 2 மெகாபைட். நம்ம ஊர் பேரை 36,000 தடவை வரிசையா கொடுக்கலாம், அதுக்கும் மேல கொஞ்சம் இடம் மிஞ்சும். ஒரு ஃபோல்டர்ல லட்சம் போட்டோ இருக்கிறப்போ ஸ்டார் போட்டு டெலீட் பண்ணப் போனா "ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்"னு திட்டுமே, அந்தத் திட்டு இங்க இருந்துதான் வருது. 2007ல வந்த 2.6.23 கெர்னலுக்கு முன்னாடி எல்லாத்துக்கும் சேர்த்தே 128 கிலோபைட்தான் இருந்துச்சு.

ஸ்ட்ரிங் எல்லாம் மேல அடுக்கியாச்சு. அடுத்து கெர்னல் அந்த ஸ்டாக் மொத்தத்தையும் ஏதோ ஒரு தூரம் நகர்த்தி வைக்கும். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் வேற வேற தூரம். தாக்க வர்றவன் அட்ரஸை முன்கூட்டியே கணிச்சிடக் கூடாதுன்னுதான். அதுக்கப்புறம் கீழ ஒரு பட்டியல் போடும். ஸ்டாக் பாயிண்டர் நிக்கிற இடத்துல இருந்து மேல போனீங்கன்னா முதல்ல ஆர்க்-சி. அதுக்கு மேல ஆர்க்-வி பாயிண்டர்கள் வரிசையா, முடிஞ்சதுக்கு அடையாளமா ஒரு நல். அதை ஒட்டியே, நடுவுல ஒரு இடைவெளியும் இல்லாம, என்விரான்மென்ட் பாயிண்டர்கள், அப்புறம் இன்னொரு நல். இந்த "ஒட்டியே"வை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

அதுக்கும் மேல இருக்கிறதை எந்த லெக்சர்லயும் நான் கேட்டதில்ல: ஆக்ஸிலரி வெக்டர். கெர்னல் புது புரோகிராமுக்கு எழுதி வைக்கிற துண்டுச்சீட்டு மாதிரி. பேஜ் சைஸ் எவ்வளவு (பெரும்பாலும் 4096), உன்னை ஓட்டுறது எந்த யூசர், உன் என்ட்ரி பாயிண்ட் எங்க, நீ அதிக அதிகாரத்தோட ஓடுறியா, இப்படி ஜோடி ஜோடியா. அதுல ஒண்ணு ஏடி-ரேண்டம். அது 16 ரேண்டம் பைட் இருக்கிற இடத்தைக் காட்டும். உங்க கோடு "ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டட்"னு கத்திட்டு விழுந்திருக்கா? ஃபங்ஷனோட ரிட்டர்ன் அட்ரஸுக்குக் காவலா ஒரு ரகசிய நம்பர் வச்சிருப்பாங்க, அந்த நம்பர் மாறிப் போனதைக் கண்டுபிடிச்சதாலதான் அப்படிக் கத்துச்சு. ஜிலிப்சி அந்த ரகசிய நம்பரை எடுக்கிறது இந்த 16 பைட்ல இருந்துதான். சட்டைப் பையில சாவியைப் போட்டு அனுப்புற மாதிரி, கெர்னல் புரோகிராமை உள்ள அனுப்புறப்பவே போட்டு அனுப்பிடுது.

இவ்வளவும் முடிஞ்சுதான் கன்ட்ரோல் புரோகிராமுக்கு வருது. அப்பவும் மெயினுக்கு இல்ல. டைனமிக் லிங்கர் முதல்ல ஓடி லைப்ரரியை எல்லாம் இணைக்கும், அப்புறம் அண்டர்ஸ்கோர்-ஸ்டார்ட். அது அசெம்பிளியில எழுதின ஒரு சின்னத் துண்டு. ஸ்டாக்ல இருந்து ஆர்க்-சியை எடுக்கும், ஆர்க்-வி அட்ரஸைக் குறிச்சுக்கும், ஸ்டாக்கை 16 பைட் வரிசைக்கு ஒதுக்கும், லிப்சியோட ஸ்டார்ட் ஃபங்ஷனைக் கூப்பிடும். அந்த ஃபங்ஷன்தான் உங்க மெயினைக் கூப்பிடுது. நீங்க ரிட்டர்ன் ஜீரோ போட்டா அந்த ஜீரோ போறதும் அதுகிட்டதான். அதை எக்ஸிட்டுக்குக் கொடுத்து முடிச்சு வைக்கும். மெயின் முதல் ஆளும் இல்ல, கடைசி ஆளும் இல்ல.

இதெல்லாம் நம்பிக்கை வச்சுப் படிக்கிற விஷயம் இல்ல, கண்ணால பார்க்கலாம். நான் முதல்ல பார்த்தது எங்க பெரியம்மா பொண்ணோட லேப்டாப்ல. அக்கா பொன்னேரி கவர்மென்ட் ஸ்கூல். பிளஸ் டூ முடிச்சப்போ அரசு லேப்டாப் கிடைச்சுது. (அந்த இலவச லேப்டாப் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்னிக்குத் தொடங்கி வச்சதே நம்ம திருவள்ளூர் மாவட்டம் காக்களூர்லதான்.) நான் பிரைவேட் ஸ்கூல், எனக்குக் கிடையாது. அந்த மெஷின்ல விண்டோஸும் இருந்துச்சு, பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. பாஸ்னா சென்னை சி-டாக்ல உருவாக்கின நம்ம நாட்டு லினக்ஸ், அடிப்படை டெபியன். கிளாஸ்ல எல்லாரும் அதை அழிச்சிட்டு விண்டோஸை மட்டும் வச்சுக்கிட்டாங்களாம். அக்கா அழிக்கல. "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது"ன்னு விட்டுட்டா. அந்த சோம்பேறித்தனத்துக்கு நான் இன்னிக்கும் நன்றி சொல்றேன். ரெண்டாம் வருஷம் ஓஎஸ் லேப் வர்ற வரைக்கும் எனக்கு லினக்ஸ்னா அந்த லேப்டாப்தான்.

லினக்ஸ்ல பிராக்னு ஒரு டைரக்டரி இருக்கு. அதுல ஓடிட்டு இருக்கிற ஒவ்வொரு புராசஸுக்கும் அதோட நம்பர்ல ஒரு ஃபோல்டர். உள்ள "சிஎம்டி-லைன்"னு ஒரு ஃபைல், "என்விரான்"னு ஒரு ஃபைல். ரெண்டும் டிஸ்க்ல இருக்கிற ஃபைல் இல்ல. நீங்க திறக்கிற அந்த நொடியில, கெர்னல் அந்தப் புராசஸோட ஸ்டாக் உச்சியில தான் அடுக்கி வச்ச அதே பைட்டைப் படிச்சுக் காட்டுது. பிஎஸ் கமாண்ட் காட்டுறதும் அதையேதான். இன்னொண்ணு: ஏதாவது கமாண்டுக்கு முன்னாடி எல்டி-ஷோ-ஆக்ஸ்வி ஈக்வல்ஸ் ஒண்ணு (வார்த்தைகளுக்கு நடுவுல அண்டர்ஸ்கோர், எல்லாம் கேப்பிடல்) சேர்த்து அடிங்க. அந்தத் துண்டுச்சீட்டு மொத்தமும் ஸ்கிரீன்ல கொட்டும்.

போற போக்குல ஒரு எச்சரிக்கை. என்விரான் ஃபைலைப் படிக்க அந்த யூசராவோ ரூட்டாவோ இருக்கணும். சிஎம்டி-லைனுக்கு அந்தக் கட்டுப்பாடு வழக்கமா கிடையாது. லேப்ல ஒரே சர்வர்ல அறுபது பேர் லாகின் பண்ணியிருக்கோம். அங்க டேட்டாபேஸ் பாஸ்வேர்டை கமாண்ட் லைன்லயே சேர்த்து அடிச்சா, பிஎஸ் தெரிஞ்ச யாருக்கும் அது தெரியலாம். சில புரோகிராம் உள்ள வந்ததும் அவசரமா ஆர்க்-வி மேலயே எழுதி அதை மறைக்கும். ஆனா உள்ள வர்றதுக்கும் மறைக்கிறதுக்கும் நடுவுல ஒரு நேரம் இருக்கே.

சரி, கெர்னலே இல்லாத இடத்துல? நம்ம பக்கத்துல அது நிறைய. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஃபவுண்டரி, ரோலிங் மில், பிளாஸ்டிக் மோல்டிங்னு எந்த ஷெட்டுக்குள்ள போனாலும், ஒரு பேனல் பாக்ஸுக்குள்ள சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒண்ணு வேலை பார்த்துட்டு இருக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்குற "புளூ பில்" போர்டு உங்ககிட்டயும் இருக்கும். அதுல இருக்கிற எஸ்டிஎம்32எஃப்103 சிப்புக்கு 20 கிலோபைட் ரேம். கரன்ட் வந்ததும் அந்த ஏஆர்எம் கோர் செய்யிற முதல் வேலை என்ன தெரியுமா? மெமரியோட முதல் நாலு பைட்டைப் படிச்சு அப்படியே ஸ்டாக் பாயிண்டர்ல போட்டுக்கும். அடுத்த நாலு பைட்தான் எந்தக் கோடுக்குப் போகணும்கிறது. கோடுக்கு முன்னாடி ஸ்டாக். ரேம் ஹெக்ஸ்ல 20000000ல ஆரம்பிக்குது, 20 கிலோபைட் தாண்டினா 20005000. உங்க ஃபர்ம்வேர் ஃபைலைத் திறந்து முதல் நாலு பைட்டைப் பாருங்க, பெரும்பாலும் இந்த நம்பர் பின்னால இருந்து முன்னால எழுதினபடி இருக்கும். ஐஐடி மெட்ராஸோட சக்தி மாதிரி ரிஸ்க்-ஃபைவ் புராசஸர்ல அந்த வசதியும் கிடையாது. ஸ்டார்ட்அப் கோடு தன் கையாலதான் ஸ்டாக் பாயிண்டரைப் போட்டுக்கணும்.

இங்க செட்டர் யாரு? லிங்கர் ஸ்கிரிப்ட் எழுதின ஆள். அதாவது நாளைக்கு கோர் கம்பெனியில சேரப் போற நீங்களும் நானும். லினக்ஸ்ல ஸ்டாக் வளர்ந்து எல்லை தாண்டினா கெர்னல் புரோகிராமைக் கொன்னுடும். 2017ல "ஸ்டாக் கிளாஷ்"னு ஒரு தாக்குதல் வெளிய வந்தப்புறம், ஸ்டாக்குக்குக் கீழ விடுற காலி இடத்தையே 1 மெகாபைட்டா ஆக்கிட்டாங்க. இந்தச் சின்ன சிப்ல அதெல்லாம் தானா வராது. ஸ்டாக் கீழ இறங்கி குளோபல் வேரியபிள் மேல ஏறினா ஒரு சத்தமும் இருக்காது. மெமரியில ஒரு நம்பர் மாறும், அவ்வளவுதான். அந்த நம்பர் நம்ம மினி புராஜெக்ட்ல எல்ஈடி பிளிங்க் ரேட்டா இருந்தா சிரிச்சுட்டுப் போகலாம். ஒரு ஃபர்னஸோட செட் டெம்பரேச்சரா இருந்தா, பக்கத்துல நிக்கிறது யாரோ ஒருத்தரோட அப்பா.

கெர்னல் இருக்கிற இடத்துலயாவது நிம்மதியா இருக்கலாமா? இதுக்குத்தான் மேல ஒரு வார்த்தையை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன்.

பிகே-எக்ஸெக்னு ஒரு புரோகிராம், 2009 மே மாசத்துல இருந்து இருக்கு. செட்-யூஐடி வகை. அதாவது யார் ஓட்டினாலும் ரூட் அதிகாரத்தோட ஓடும், உள்ள சோதிச்சுப் பார்த்துட்டுதான் வேலை செய்யும். அதுல ஒரு லூப், நம்ம எல்லாரும் எழுதுற மாதிரியே: என் ஈக்வல்ஸ் ஒண்ணுல ஆரம்பிச்சு ஆர்க்-சி வரைக்கும். ஜீரோல ஏன் ஆரம்பிக்கல? ஜீரோல புரோகிராம் பேருதானே இருக்கும், எப்பவும். அந்த "எப்பவும்" யாரு கொடுத்த வாக்கு? ஷெல் அப்படிப் போடும், அது வழக்கம். கெர்னல் அப்படி எங்கயும் கட்டாயப்படுத்தல. ஒருத்தர் எக்ஸெக்கை நேரா கூப்பிட்டு, காலி ஆர்க்யுமென்ட் லிஸ்ட்டைக் கொடுத்தா ஆர்க்-சி ஜீரோ. லூப் ஓடவே ஓடாது, ஆனா என் ஒண்ணுலயே நிக்கும். அப்புறம் புரோகிராம் ஆர்க்-வி ஒண்ணைப் படிக்கப் போகும். ஆர்க்-வியில ஜீரோவாவது இடத்துலயே நல், லிஸ்ட் அங்கயே முடிஞ்சுது. அதை ஒட்டியே அடுத்து இருக்கிறது? என்விரான்மென்ட்டோட முதல் பாயிண்டர். அதைத்தான் ஆர்க்யுமென்ட்னு நினைச்சுப் படிச்சுது. படிச்சதோட விடல, பாத்ல தேடிக் கண்டுபிடிச்ச முழுப் பேரை அதே இடத்துல திரும்ப எழுதிச்சு.

இதுல என்ன விபரீதம்னா, செட்-யூஐடி புரோகிராம் ஆரம்பிக்கும்போது ஆபத்தான என்விரான்மென்ட் வேரியபிள்களை டைனமிக் லிங்கர் வாசல்லயே பிடுங்கிப் போட்டுடும். பிடுங்கி முடிச்சு கதவைச் சாத்தினப்புறம், பிகே-எக்ஸெக் தானே தன் கையால ஒண்ணைத் திரும்ப உள்ள எழுதிக்குது. அந்த ஒண்ணைத் தாக்குறவன் தேர்ந்தெடுக்கலாம். சாதாரண யூசர் ரூட் ஆயிடலாம். 2022 ஜனவரி 25 அன்னிக்கு குவாலிஸ் என்கிற கம்பெனி இதை "பான்கிட்"ங்கிற பேர்ல வெளியிட்டப்போ, உபுண்டு, டெபியன், ஃபெடோரா, சென்ட்ஓஎஸ்னு எல்லாத்துலயும் டீஃபால்ட் இன்ஸ்டாலேஷன்லயே இந்த ஓட்டை இருந்துச்சு. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல. ஓப்பன்-பிஎஸ்டி கெர்னல் ஆர்க்-சி ஜீரோன்னா எக்ஸெக்கையே மறுத்துடும், அதனால அங்க இது செல்லாது.

எனக்கு இதுல பிடிச்ச விஷயம், அந்த லூப்ல வழக்கமான அர்த்தத்துல தப்பே இல்ல. நானும் அப்படித்தான் எழுதுவேன், நீங்களும் அப்படித்தான் எழுதுவீங்க. எந்த மேடமும் அதுக்கு மார்க் குறைக்க மாட்டாங்க. செட்டர் எதைச் செஞ்சு வச்சிருக்கார், எதைச் செஞ்சிருப்பார்னு நாமளே நினைச்சுக்கிறோம், இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு எட்டு பைட் இடைவெளி. அவ்வளவுதான் அந்த ஓட்டை. மாமாகிட்ட இதைச் சொன்னப்போ அவருக்கு ஆச்சரியமே இல்ல. "செட்டிங் ஷீட்ல இல்லாததை இருக்குன்னு நினைச்சு ஓட்டினா ஜாப் பறக்கத்தான் செய்யும்"னுட்டு டீ குடிக்கப் போயிட்டார்.

லினக்ஸும் பாடம் படிச்சுது. 5.18 கெர்னல்ல இருந்து, யாராவது காலி லிஸ்ட்டோட எக்ஸெக்கைக் கூப்பிட்டா, கெர்னலே ஒரு வெறும் ஸ்ட்ரிங்கைச் சேர்த்து ஆர்க்-சியை ஒண்ணு ஆக்கிடும். பழைய கெர்னல்கள் சிலதுக்கும் அந்த மாற்றத்தைக் கொண்டு போயிருக்காங்க. நம்ம லேப் மெஷின் எந்தப் பக்கம்னு நீங்களே பார்த்துக்கலாம். ரெண்டு புரோகிராம் போதும். ஒண்ணு ஆர்க்-சியை பிரிண்ட் பண்ணட்டும், இன்னொண்ணு அதைக் காலி லிஸ்ட்டோட எக்ஸெக் பண்ணட்டும். பத்து வரி கூட வராது. ஜீரோன்னு வந்தா சிஸ்டம் அட்மின் அண்ணாகிட்ட போய் மெதுவா சொல்லுங்க. ஒண்ணுன்னு வந்தா டி-மெசேஜ் அடிச்சுப் பாருங்க. உங்க புரோகிராம் பேரைச் சொல்லி, இவர் நல் ஆர்க்-வியோட ஒருத்தரை அனுப்பினார், வெறும் ஸ்ட்ரிங் சேர்த்தாச்சுன்னு கெர்னல் ஒரு வரி எழுதி வச்சிருக்கும். மெஷின் ஆன் ஆனதுல இருந்து முதல் தடவைக்கு மட்டும்தான் எழுதும், அதனால உங்க பேட்ச்ல முந்திக்கிறவங்க பேருதான் அதுல இருக்கும்.